பாகை எண்ணுக்கு முன் பட்டையைப் பாருங்கள்

காஞ்சிபுரத்தின் ஓரிக்கை, பிள்ளையார்பாளையம் பக்கம் தறிச் சட்டம் செய்து கொடுக்கும் தச்சர்களுக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பிசகு என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டத்தறியில் இடப்பக்கச் சட்டம் வலப்பக்கத்தைவிட ஒரு நூல் நீண்டுவிட்டால், நெய்த துணி சுருளும் படமரம் பாவுக்குக் குறுக்கே நேராக உட்காராது. 48 அங்குல அகலத்தில் ஒரு கரை இறுகும், மறு கரை தொய்யும். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா என்று கோத்து நெய்யும் கோர்வைப் புடவையில் அந்தத் தொய்வை நாள் முழுக்கச் சமாளிப்பது நெசவாளியின் கைதான். பட்டறையில் தச்சர் விட்ட பிசகை நெசவாளி சுமக்கிறார்.

கைவாளும் மூலை மட்டமும் செய்த வேலையை இன்று பல பட்டறைகளில் டேபிள் சா செய்கிறது. அதில் குறுக்கு அறுப்பின் நேர்மை மைட்டர் கேஜில் இருக்கிறது. மேசையின் தடத்தில் ஓடும் ஒரு பட்டை, அதன் மேல் பாகை குறித்த ஒரு தலை, அதில் பொருத்திய ஃபென்ஸ் என்று பார்வைக்கு எளிய கருவி. எதை வாங்குவது என்ற கேள்விக்கு இந்த இதழின் பதில் இது: தடத்தில் ஆடாத பட்டை, வளையாத நீண்ட ஃபென்ஸ், கட்டையின் முனையை முட்டவைக்க நகராத ஸ்டாப். இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் பாகைக் கோடுகளை எண்ண வேண்டும்.

முதலில் தடம். பெரிய டேபிள் சாக்களில் தடம் பெரும்பாலும் முக்கால் அங்குல அகலம், மூன்று நூல் ஆழம் இருக்கும். வெளிநாட்டுக் கேஜ்கள் அனேகமாக இந்த அளவுக்கே வருகின்றன. வேலைத்தளத்துக்குத் தூக்கிச் செல்லும் சிறிய இயந்திரங்களில் அளவு மாறலாம். நம் ஊரில் இன்னொரு வகையும் உண்டு: கை சர்க்குலர் சாவைப் பிளைவுட் மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டிய அமைப்பு. அதில் தடமே இருக்காது, அல்லது ரூட்டரில் கீறிய பள்ளம் இருக்கும். பணம் கொடுக்கும் முன் தடத்தின் அகலத்தை முன், நடு, பின் என்று மூன்று இடங்களில் வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் ஒத்துவராத தடத்தில் எந்த விலையுயர்ந்த கேஜும் உருப்படியாக வேலை செய்யாது.

அடுத்தது பட்டை. தடத்துக்குள் 200 மில்லிமீட்டர் நீளம் உட்கார்ந்திருக்கும் பட்டை அரை மில்லிமீட்டர் ஆடினால், 300 மில்லிமீட்டர் அகலப் பலகையின் வெட்டு முக்கால் மில்லிமீட்டர் வரை விலகும். அகலப் பலகையை அறுக்கத் தொடங்கும்போது கேஜின் தலை மேசையின் முன் விளிம்புக்கு வெளியே நிற்கும். பட்டையின் பாதிதான் தடத்துக்குள் இருக்கும். ஆட்டம் தன் சேட்டையைக் காட்டுவது அங்கேதான். ஆகவே நீளமான பட்டையும், பக்க ஆட்டத்தைத் திருகி எடுக்கும் வசதியும் உள்ள கேஜைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் இன்க்ரா கேஜ்களில் விரியும் வட்டுகள் இந்த வேலையைச் செய்கின்றன. வேறு சிலவற்றில் பட்டையின் பக்கவாட்டில் நைலான் திருகுகள் இருக்கும். இரண்டும் இல்லாத பழைய பட்டையாக இருந்தால், அதன் பக்கவாட்டில் சென்டர் பஞ்சால் சில இடங்களில் தட்டி மேடு எழுப்பி, அரத்தால் தேய்த்துத் தடத்துக்குப் பொருத்துவது உலகெங்கும் பட்டறைகள் அறிந்த வழி. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பாகைக்கு வருவோம். அரைப் பாகை பிசகினால் 24 அங்குல அகலத்தில் வெட்டு ஒன்றரை நூலுக்கு மேல் விலகும். 3 அங்குலக் கட்டையில் அதே பிசகு முக்கால் மில்லிமீட்டரை நெருங்கும். டெனன் தோளில் வெளிச்சம் தெரிய அது போதும். நான்கு மூலையும் 45 பாகையில் சேரும் படச்சட்டத்தில் எட்டு வெட்டுகள். ஒவ்வொன்றும் ஒரே பக்கமாகக் கால் பாகை தவறினால் கடைசி மூலையில் 2 பாகை இடைவெளி திறந்து நிற்கும். இங்கே தானாக விழுந்து பூட்டும் குழிகள் உதவும். இன்க்ரா வி27-இல் 5 பாகைக்கு ஒன்றும், இரு பக்கமும் 22.5 பாகையிலும் அப்படிப்பட்ட நிறுத்தங்கள் உண்டு. தறிச் சட்டமும் கதவு நிலையும் செய்பவருக்கு அவற்றில் பெரும்பாலும் தேவைப்படுவது 90, 45 இரண்டே. அந்த இரண்டும் சரியாக விழுந்தால் போதும். மற்ற குழிகளுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஃபென்ஸை வாங்க வேண்டியதே இல்லை, பட்டறையிலேயே செய்யலாம். நன்கு உலர்ந்த மரத்திலோ பிளைவுட்டிலோ அலுமினியப் பட்டையிலோ 2 அடி நீளத்துக்கு நேராக ஒன்று எடுத்துத் தலையில் திருகுங்கள். மரமாகவோ பிளைவுட்டாகவோ இருந்தால் பிளேடு அதன் வழியாகவே வெட்டிச் செல்லட்டும். வெட்டு விழும் இடம் ஃபென்ஸிலேயே தெரியும், பின்பக்கச் சிலும்பும் அடங்கும். முகத்தில் எமரித் தாள் ஒட்டினால் 45 பாகை வெட்டில் கட்டை நழுவாது. பிளேடும் குறுக்கு அறுப்புக்கு ஏற்றதாக இருக்கட்டும். 10 அங்குலப் பிளேடில் 60 முதல் 80 பல் வரை நல்லது. நெடுக்கு அறுக்கும் 24 பல் பிளேடை மாட்டிவிட்டுக் கேஜைக் குறை சொல்லக் கூடாது.

ஒரே நீளத்தில் பல கட்டைகள் வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் அளந்து குறிப்பதை விட்டுவிடுங்கள். டேப்பும் பென்சிலும் கண்ணும் சேர்ந்து ஒவ்வொரு முறையும் சிறிது விலகும். ஃபென்ஸில் ஸ்டாப்பை இறுக்கி, கட்டையின் முனையை அதில் முட்டவைத்து அறுத்தால் முதல் கட்டையும் நாற்பதாவது கட்டையும் ஒன்றுதான். இரண்டு பக்கச் சட்டமும் குறித்த அளவைவிட ஒன்றுபோல அரை நூல் குறைந்தால் தறி ஓடும். ஒன்று சரியாக, மற்றது அரை நூல் பிசகினால் ஓடாது. ஸ்டாப்பின் அடி விளிம்பைச் சற்றுச் செதுக்கி விடுங்கள். மரத்தூள் அங்கே சேர்ந்து அளவைத் தள்ளாது.

நெடுக்கு அறுப்புக்காகப் பிளேடுக்கு இணையாக நிற்கும் ரிப் ஃபென்ஸை மட்டும் ஸ்டாப்பாகப் பயன்படுத்தாதீர்கள். அறுபட்ட துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே சிக்கித் திருகினால் பிளேடு அதை உங்கள் மேல் வீசும். தேவையென்றால் பிளேடுக்கு முன்பே முடியும்படி ஒரு கட்டையை ரிப் ஃபென்ஸில் கட்டி, அதில் முட்டவைத்து அளவு வையுங்கள். வெட்டு தொடங்கும்போது மரம் அந்தக் கட்டையை விட்டு விலகியிருக்க வேண்டும். பிளேடு நின்ற பிறகே துண்டை எடுங்கள். பிளேடுக்குப் பின்னால் நின்று வெட்டு மூடாமல் காக்கும் ரைவிங் நைஃபைக் கழற்றி மூலையில் போடாதீர்கள். தலைகீழாக மாட்டிய சாவில் இந்தக் காப்பு இல்லாமல் அறுப்பது விரலைப் பணயம் வைக்கும் வேலை.

அகலப் பலகைகளுக்குக் கேஜைவிட இரண்டு தடத்திலும் ஓடும் ஸ்லெட் மேல். அதை 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் நீங்களே செய்யலாம். அதன் ஓட்டப் பட்டையை மரத்தில் செய்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஊதித் தடத்தில் இறுகும், கத்திரி வெயிலில் சுருங்கி ஆடும். அலுமினியமோ இரும்போ அப்படி மாறாது.

கேஜ் எதுவானாலும் சரிபார்க்கும் முறை ஒன்றே. முதலில் பிளேடு தடத்துக்கு இணையாக இருக்கிறதா என்று, ஒரே பல்லை முன்னும் பின்னும் நிறுத்தி அளந்து பாருங்கள். பிறகு ஐந்து வெட்டுச் சோதனை. சுமார் 400 மில்லிமீட்டர் சதுரப் பிளைவுட்டின் ஒரு பக்கத்தை அறுத்து, அறுத்த பக்கத்தை ஃபென்ஸில் வைத்து அடுத்ததை அறுங்கள். அப்படியே நான்கு பக்கமும் சுற்றி வந்து, ஐந்தாவதாக முதல் பக்கத்தையே மறுபடி ஓர் அங்குலப் பட்டையாக அறுங்கள். அந்தப் பட்டையின் இரு முனை அகலத்தையும் வெர்னியரால் அளங்கள். வித்தியாசத்தை நான்கால் வகுத்தால் ஒரு வெட்டின் பிசகு கிடைக்கும். வித்தியாசம் 0.8 மில்லிமீட்டர் என்றால் ஒரு வெட்டில் 0.2, அதாவது மீட்டருக்கு அரை மில்லிமீட்டர். மூலை மட்டம் காட்டாத பிசகை இந்தச் சோதனை நான்கு மடங்காக்கிக் காட்டுகிறது.

ஐ.டி.ஐ. தச்சுப் பிரிவு ஆசிரியர்கள் இந்தச் சோதனையை மாணவர்கள் கையால் செய்ய வைக்க வேண்டும். கருவி விற்பவர்கள் இயந்திரத்தின் குதிரைத் திறனோடு தடத்தின் அளவையும் விலைப் பட்டியலில் அச்சிட வேண்டும். பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆர்டரை எடுக்கும் முன் ஐந்து வெட்டுகளையும் போட்டுப் பாருங்கள். வந்த எண்ணையும் தேதியையும் எழுதி இயந்திரத்தின் மேலேயே ஒட்டுங்கள். புதுக் கேஜ் வாங்க வேண்டுமா, இருக்கும் பட்டையைத் தட்டிச் சரிசெய்தால் போதுமா என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள்.