குளவிக்கு ஒரு வீடு

சிறு பிள்ளைகளுக்கான கைவேலை என்றதும் கடையில் விற்கும் பளபளப்புக் கடதாசியும் வர்ணப் பெட்டியும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. இவை அதிகம் இல்லாமலே ஒரு நாளைப் பயனுள்ளதாக்கலாம் என்பதை நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றின் பிள்ளைமடுவத்தில் கண்டேன். 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பெயர்ப்பலகை இருந்தாலும் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமாருக்கு அது இன்றும் பிள்ளைமடுவம்தான்.

அன்று மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரளவில் இருந்தனர். பொறுப்பாக இருந்த சகோதரி 'பூச்சிகள்' என்ற தலைப்பை எடுத்திருந்தார். முட்டைத் தட்டில் மூன்று குழிகளை ஒரே வரிசையாக வெட்டிக் கவிழ்த்தார். தலை, மார்பு, வயிறு என எறும்பின் உடல் தயாராகிவிட்டது. கடதாசியைச் சுருட்டிச் செய்த ஆறு கால்களையும் நடுக்குழியில் ஒட்டினர். பூச்சிகளின் கால்கள் மார்பிலிருந்துதான் வருகின்றன என்பதைப் பிள்ளைகள் கையாலேயே அறிந்துகொண்டனர். "சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சியில்ல" என்று ஒரு மகன் எனக்கே பாடம் சொன்னான்.

பின்னர் கடதாசியை இரண்டாக மடித்து, ஒரு பக்கத்தில் வர்ணம் வைத்து அழுத்தி விரித்து வண்ணத்துப்பூச்சி செய்தனர். ஒரு சின்ன மகள் மட்டும் தொடவில்லை. மஞ்சள் வர்ணத்தைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "குளவி வேணாம் டீச்சர். அம்மாவக் கொட்டிருச்சி" என்றாள்.

இரண்டு மாதங்களுக்கு முன் மலையில் குளவி கொட்டி அவளுடைய தாய் வைத்தியசாலையில் இருந்திருக்கிறார். காலையில் போன அம்மா மாலையில் வரவில்லை. அன்றிலிருந்து தினமும் வாசலில் அழுகை. இது போதாதென்று, சோறு உண்ண மறுத்தால் "குளவி வருது" என்று வீட்டில் பயமுறுத்தியும் இருக்கின்றனர்.

அந்தச் சகோதரி வற்புறுத்தவில்லை. "பயப்படாதே" என்றும் சொல்லவில்லை. "குளவி எங்கம்மா இருந்துச்சி?" என்று மட்டும் கேட்டார். பிள்ளை மேலே கைகாட்டினாள். சற்று நேரத்தில் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உருட்டி, "இது கூடு" என்றாள். ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டதும் தானே மஞ்சள் வர்ணத்தை எடுத்து அதன்மேல் புள்ளி புள்ளியாக வைத்தாள். "கல்லு எறியக்கூடாது, அது வீடு" என்று மற்றப் பிள்ளைகளுக்கும் சொன்னாள்.

மாலையில் தாய் வந்தார். "இது கொட்டாதா?" என்று கேட்டார். "கொட்டாதும்மா, நான்தான் செஞ்சேன்" என்றாள் மகள்.

மறுநாளும் அவள் அழுததாகவும், ஆனால் சீக்கிரம் ஓய்ந்து கூட்டைப் பார்க்க ஓடியதாகவும் பின்னர் அறிந்தேன். ஒரே நாளில் பயம் போய்விடாது. சொல்லத் தெரியாததைப் பிள்ளை கையால் சொல்கிறது. அதற்கு நேரம் கொடுப்பதே நமது வேலை.

நீங்களும் செய்து பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

• பொத்தான், மணி, விதை போன்ற சிறிய பொருட்களை மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள்.

• மருந்தடிக்கும் போத்தல், உரப்பை என்பவற்றைக் கழுவினாலும் கைவேலைக்கு எடுக்கக் கூடாது.

• சேர்த்து வைக்கும் யோகட் கோப்பைகளைக் கவிழ்த்து, மழை படாத இடத்தில் வையுங்கள். தேங்கும் நீரில்தான் டெங்கு நுளம்பு பெருகுகிறது. அது பகலில் கடிக்கும். பிள்ளைகள் மடுவத்தில் உறங்குவதும் பகலில்தான்.

• உயிருள்ள பூச்சியைப் பிடித்து ஒட்ட வேண்டாம். பார்த்துவிட்டு விட்டுவிடப் பழக்குங்கள்.

கடதாசிக் கூடு பிள்ளையின் மனதை ஆற்றலாம். தாயின் உயிரைக் காப்பது பெரியவர்களின் கடமை. தோட்டத்தில் பெரிய தேனீயையும் குளவி என்றே சொல்வர். தேனீயின் கொடுக்கு தோலில் தங்கிவிடும், அதை உடனே வழித்து எடுக்க வேண்டும். பல இடங்களில் கொட்டினாலோ, மூச்சுத்திணறலோ முகவீக்கமோ ஏற்பட்டாலோ தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மலையில் இறங்குமுன் கூடு இருக்கிறதா என்று பார்ப்பதும், அவசரத்துக்கு வாகனம் தயாராக இருப்பதும் சலுகைகள் அல்ல. உங்கள் தோட்டத்தில் இவை நடக்கின்றனவா என்று மாதர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள் சகோதரிகளே. மாலையில் அம்மா வருவார் என்று ஒரு பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.