நடுவில் நிற்பவர் பேசுவது கேட்கிறதா?

சில மாதங்களுக்கு முன்னர் வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். எண்பது வயதைக் கடந்த தமது தந்தையாருக்காக அவர் வரவேற்பறையில் ஹோம் தியேட்டர் ஒன்றை அமைத்திருந்தார். முதியவரின் விருப்பப்படி 1952இல் வெளிவந்த 'பராசக்தி' ஓடிக்கொண்டிருந்தது. வசனத்துக்காகவே இன்றும் நினைக்கப்படும் படம் அது. நீதிமன்றக் காட்சி வந்தபோது ஐயா, "கொஞ்சம் கூட்டிவிடு தம்பி" என்றார். கூட்டினார்கள். மீண்டும் "கூட்டு" என்றார். சிறிது நேரத்தில், "தலைதான் இடிக்குது, என்ன கதைக்கிறான் எண்டு விளங்கேல்லை" என்று கூறிவிட்டு எழுந்து அறைக்குள் போய்விட்டார். அப்பாவின் காது போய்விட்டது, அடுத்த கிழமை வைத்தியரிடம் காட்டவேண்டும் என்று நண்பர் கவலையோடு சொன்னார்.

நான் ஒலிப் பொறியியல் கற்றவனல்லன். ஆனால் தொலைக்காட்சிக்குக் கீழே இருந்ததைப் பார்த்ததும் ஐயம் எழுந்தது. இரு புறமும் இடுப்பளவு உயரத்தில் விலையுயர்ந்த இரண்டு ஒலிபெருக்கிகள். நடுவிலோ உள்ளங்கையளவில் ஒரு சின்னப் பெட்டி. இரண்டு பெரியவற்றுக்கே காசு முடிந்துவிட்டதாம். நடுவுக்குப் பழைய செட்டில் கிடந்ததைப் பொருத்திவிட்டாராம்.

ரிசீவரைச் சாதாரண ஸ்டீரியோ நிலைக்கு மாற்றச் சொன்னேன். ஐயாவை மீண்டும் அழைத்தோம். படம் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

நடந்தது இதுதான். பழைய படங்களின் ஒலி ஒற்றைத் தடத்தில் பதிவானது. இடத்திலும் வலத்திலும் ஒரே ஒலியே வரும். சரவுண்ட் நிலையில் இயங்கும் ரிசீவரோ, இரு புறத்துக்கும் பொதுவாக உள்ள ஒலியை 'நடுவுக்கு உரியது' என்று கொண்டு அங்கே அனுப்பிவிடுகிறது. அதனால் பராசக்தியின் முழு வசனமும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடைபட்டுப் போயிற்று. சத்தத்தைக் கூட்டக் கூட்ட அது கீச்சிட்டதே தவிர, சொல் தெளியவில்லை.

ஹோம் தியேட்டர் வாங்குவோரில் பலர் செய்யும் தவறு இது. கண்ணுக்கு எடுப்பான இரு பக்கங்களுக்கும் செலவழித்துவிட்டு, நடுவில் சிக்கனம் பார்க்கிறோம். புதிய படங்களிலும் வசனத்தின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கியிலிருந்தே வருகிறது. முன்னால் இருக்கும் மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்கவேண்டும் என்பது எனது உறுதியான கருத்து.

காரணம் எளிது. பாடசாலையில் ஒலியின் மூன்று இயல்புகளைப் படித்திருப்போம்: சுருதி, உரப்பு, பண்பு. சுருதியும் உரப்பும் ஒன்றாகவே இருந்தாலும் நாதஸ்வரத்தையும் வயலினையும் செவி பிரித்தறிவது பண்பினால்தான். ஒலிபெருக்கிகளுக்கும் தத்தமக்கென ஒரு பண்பு உண்டு. ஒன்றின் உரப்பு குறைவாயின் ரிசீவரில் கூட்டிக்கொள்ளலாம்; பண்பு வேறாயின் அவ்வாறு சரிசெய்ய முடியாது. திரையில் ஒருவர் பேசிக்கொண்டே இடமிருந்து வலம் நடந்தால், நடுவில் வரும்போது அவர் வேறொரு மனிதராகிவிடுவார். மூன்று பத்திச் செய்தியில் நடுப்பத்தியை மட்டும் வேறு எழுத்துருவில் அச்சிட்டதைப் போன்றது அது.

இன்றைய ரிசீவர்கள் மைக் வைத்து அளந்து தாமாகவே சரிசெய்துகொள்கின்றனவே என்று கேட்கலாம். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் சின்னப் பெட்டியின் சிறிய கூம்பு தள்ளக்கூடிய காற்றின் அளவையோ, ஒலி பக்கவாட்டில் பரவும் விதத்தையோ எந்தக் கணினியும் மாற்றித் தராது.

மூன்று என்பது வியாபாரிகள் கண்டுபிடித்த எண்ணுமல்ல. 1933 ஏப்ரலில் பிலடெல்பியா இசைக்குழு வாசித்ததை, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தினர் தொலைபேசிக் கம்பிகள் வழியாக வாஷிங்டனில் ஓர் அரங்குக்கு அனுப்பிக் காட்டினார்கள். அன்று அவர்கள் பயன்படுத்தியவை இடம், நடு, வலம் என மூன்று தடங்கள். இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டு சுவர்களே இருந்தமையால், 1958இல் சந்தைக்கு வந்த ஸ்டீரியோத் தட்டுகள் இரண்டோடு நின்றன. சினிமாக் கொட்டகையிலோ துளையிட்ட திரைக்குப் பின்னால் ஒரே வகையான மூன்று ஒலிபெருக்கிகளை நிறுத்துவதே முறை.

ஆகவே, வாங்க எண்ணும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள்.

ஒரே மாதிரியான மூன்று ஒலிபெருக்கிகளை நிறுத்த இடமிருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. இல்லையேல் அதே நிறுவனத்தின் அதே வரிசையில் வரும் நடு ஒலிபெருக்கியை வாங்குங்கள். படுக்கை வடிவில் இரு வூஃபர்களும் இடையே ஒரு ட்வீட்டருமாக வருபவற்றில் ஒரு குறை உண்டு. பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு இரு வூஃபர்களின் ஒலியும் சற்று முன்பின்னாக வந்து சேர்வதால், சில மீடிறன்கள் (தமிழக வழக்கில் அதிர்வெண்கள்) ஒன்றையொன்று அழித்துவிடும். கடையில் நேர் முன்னே நின்று கேட்டால் இது தெரியாது. பக்கவாட்டில் நகர்ந்தும் கேளுங்கள்.

நடுப்பெட்டியை அலுமாரிக்குள் திணிக்காதீர்கள். குரல் குடத்துக்குள் பேசுவதாகிவிடும். தட்டின் விளிம்புவரை முன்னால் இழுத்து, செவியை நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். இடமும் வலமும் உங்கள் இருக்கையிலிருந்து பார்க்கையில் 60 பாகைக் கோணத்தில் விரிந்திருக்கட்டும். பிறகு ரிசீவரிலுள்ள சோதனை இரைச்சலை ஓடவிடுங்கள். மூன்றிலும் ஒரே மழை பெய்வதுபோல் கேட்டால் பொருத்தம் சரி. ஒன்றில் மழையும் மற்றொன்றில் தாச்சியில் எண்ணெய் பொரிவதும் கேட்டால் பொருத்தம் இல்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆயிரக்கணக்கான 'பி.எம்.பி.ஓ.' வாட்ஸ் கண்டு மயங்கவேண்டாம். வாட்ஸ் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே.

காசு போதாதா? நல்ல இரண்டை மட்டும் வாங்கி, ரிசீவரில் நடு இல்லை என்று பதிந்துவிடுங்கள். வசனம் இரண்டுக்கும் பகிர்ந்து வரும். ஓரத்தில் அமர்பவருக்குக் குரல் அருகிலுள்ள பெட்டிக்குச் சாய்ந்து கேட்கும் என்பது உண்மையே. ஆனாலும் பொருந்தாத ஒன்றை நடுவில் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். பின்னால் வைப்பவை பெரும்பாலும் சூழல் ஒலிக்கானவை. அவற்றை ஆறுதலாக வாங்கலாம்.

நண்பர் தந்தையாரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றது நல்லதே. வயதுக்குரிய குறைவு இருக்கிறது என்றார்களாம். ஆனால் அத்தகைய செவிக்குத்தான் தெளிவான சொல் அதிகம் தேவை. புலம்பெயர்ந்த நாடுகளிலும் எத்தனையோ வீடுகளில் முதியவர்களுக்குத் தமிழ்ப் படமே மாலைப்பொழுதின் துணை. அவர்கள் பாதியில் எழுந்து போனால், காதைக் குறை சொல்வதோடு நிறுத்தாமல், தொலைக்காட்சிக்குக் கீழே நடுவில் இருக்கும் பெட்டியையும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.