ஊர்வலம் சரி, பாக்கி எங்கே?

தன்னம்பிக்கைப் புத்தக வியாபாரிகளுக்கு வில்மா ருடால்ஃப் நல்ல சரக்கு. போலியோவில் கால் விளங்காமல் போன குழந்தை மன உறுதியால் எழுந்து ஓடி, 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கியது, நீயும் நினைத்தால் முடியும். இவ்வளவுதான் கதை. பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டங்களில் நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் கறுப்பினப் பெண் என்பதைக்கூடச் சிலர் சொல்வதில்லை. சொன்னாலும் ‘வறுமை’யோடு சேர்த்து ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நிறவெறியை வறுமை என்று மாற்றி எழுதுவது நம்ம ஆட்களுக்குக் கைவந்த கலை. சாதியை அப்படித்தானே எழுதிப் பழகியிருக்கிறார்கள்!

அந்தக் கால் எப்படி நிமிர்ந்தது? அமெரிக்காவில் டென்னசி மாநிலம், கிளார்க்ஸ்வில் என்ற ஊர். கறுப்பருக்கு அங்கே முறையான வைத்தியம் கிடையாது. அம்மா பிளான்ச் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர். வாராவாரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, பஸ்ஸில் கறுப்பருக்கென்று ஒதுக்கிய பின்சீட்டில் உட்கார்ந்து, 80 கிலோமீட்டர் தள்ளியிருந்த நாஷ்வில்லுக்குப் போனார். அங்கே மெஹாரி இருந்தது. 1876ல் தொடங்கப்பட்ட, கறுப்பருக்கான மருத்துவக் கல்லூரி. அங்கே சொல்லிக்கொடுத்தபடி வீட்டில் எல்லாரும் முறைபோட்டு தினமும் நாலு வேளை காலைத் தேய்த்துவிட்டார்கள். மெஹாரி இல்லாமல் எந்த மன உறுதி அய்யா அந்தக் காலை நிமிர்த்தியிருக்கும்?

ஓடினதும் அப்படித்தான். நாஷ்வில்லில் 1912ல் திறந்த கறுப்பர் கல்லூரிதான் இன்றைய டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம். அதன் பயிற்சியாளர் எட் டெம்பிள், வில்மா பள்ளியில் படிக்கும்போதே கோடைப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டார். விளையாட்டுக்கென்று உதவித்தொகை இல்லை. வீராங்கனைகள் வளாகத்தில் தினம் வேலை செய்துதான் படித்தார்கள். ரோமில் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய நாலு பெண்களும் இந்த ஒரே கல்லூரி. டெம்பிள் 1994ல் ஓய்வு பெறும்வரை அங்கிருந்து 40 பேர் ஒலிம்பிக் போனார்கள், 23 பதக்கம் வந்தது.

வில்மா ஊர் திரும்பியபோது கிளார்க்ஸ்வில் ஊர்வலம் நடத்தியது. கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைத்தால் வரமாட்டேன் என்றார். அந்த ஊரில் இரு நிறத்தாரும் சேர்ந்து கலந்துகொண்ட முதல் பொது நிகழ்ச்சி அதுதான். இருபது வயசுப் பெண்! தன்னம்பிக்கைப் புத்தகத்தில் இதற்கு மட்டும் இடம் இருக்காது.

கைதட்டிய அதே மாநிலம் அடுத்த வருஷமே, 1961ல், பஸ்களில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பயணம் போன அதே கல்லூரி மாணவர்கள் 14 பேரை வெளியேற்ற வைத்தது. அவர்களுக்குக் கவுரவப் பட்டம் கொடுக்க 2008 ஆகிவிட்டது.

பணக்கணக்கு இதைவிட மோசம். நில மானியக் கல்லூரிகளுக்கு ஒன்றிய அரசு தரும் ஒவ்வொரு டாலருக்கும் மாநிலம் தன் பங்கைப் போட வேண்டும். வெள்ளையர் கல்லூரிக்குப் போட்டார்கள், கறுப்பர் கல்லூரிக்குக் கையை விரித்தார்கள். 1957 முதல் 2007 வரை போடாமல் விட்டது 15 கோடியிலிருந்து 54 கோடி டாலர் வரை இருக்கும் என்று 2021ல் அந்த மாநிலச் சட்டமன்றக் குழுவே கணக்குக் காட்டியது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது: கறுப்பர் நில மானியக் கல்லூரிகளுக்கு வராமல் போனது 1,200 கோடி டாலருக்கு மேல். 1987 முதல் 2020 வரை மட்டும். அதில் வில்மா படித்த கல்லூரிக்கு மட்டும் சுமார் 210 கோடி. இது நன்கொடை இல்லை. கறுப்பர் கட்டின வரியும் சேர்ந்த பணம்.

2022ல் ஒருமுறை 25 கோடி கொடுத்தார்கள். 2024ல் நிர்வாகம் சரியில்லை என்று சொல்லி ஆட்சிக்குழு முழுவதையும் சட்டமன்றம் கலைத்தது. நிர்வாகத்தில் குறை இருக்கலாம், அதைக் கேட்கட்டும். அய்ம்பது வருஷம் பங்கைப் போடாத மாநிலத்தின் நிர்வாகத்தை எவன் கலைப்பது?

அண்ணல் அம்பேத்கர் 1946ல் டுபாய்சுக்குக் கடிதம் எழுதியபோது கறுப்பர் சாதனைப் பட்டியலைக் கேட்கவில்லை. அய்.நா. சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார். நம்ம பத்திரிகைகளும் அதைப் பின்பற்றலாம்: ருடால்ஃப் படத்தை அட்டையில் போடுகிறவர்கள், அந்த 210 கோடிக் கணக்கை உள்ளே ஒரு பக்கத்திலாவது போடட்டும்.