தனிமரத்தைத் தேடாதீர்!

ஸ்காட்லாந்தினின்று கனடாவுக்குக் குடியேறிய முன்னோரைத் தேடுவோர் பலர், அவர் பெயர் ஒன்றையே பற்றிக்கொண்டு அலைகின்றனர். ஜான் மக்டொனால்ட் என்பார் ஒருவரா, இருவரா? 1865-க்கு முன் குவிபெக்கில் இறங்கியோரின் கப்பற்பட்டியல்களோ பெரும்பாலும் எஞ்சவில்லை. பின் வழி யாது?

குடும்பத்தைத் தேடுக என்பேன். 1871-ஆம் ஆண்டுக் கனடாக் குடிக்கணக்கில் ஒவ்வொருவர் வயதும் பிறந்த இடமும் உண்டு. பதினைந்து வயது மகன் ஸ்காட்லாந்திலும், பன்னிரண்டு வயது மகள் ஒன்டாரியோவிலும் பிறந்திருப்பின், அவர்கள் கடல் கடந்தது 1855-க்கும் 1859-க்கும் இடையே எனத் தெளியலாம். ஆய்வுக்கூடத்தில் இரு அளவுகளுக்கிடையே விடையைச் சிறைப்படுத்துகிறோமே, அதே முறைதான்!

அம்மட்டோ? ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி முதல் நாள் அரசுப் பதிவு தொடங்கிற்று. குழந்தையின் பிறப்புப் பதிவில் தாயின் பிறந்தகத்துக் குடும்பப்பெயரும் எழுதப்பட்டது. அம்மகனின் பதிவில் காணும் அப்பெயரே நூறு ஜான்களினின்று நம் ஜானைப் பிரித்துக் காட்டும்.

ஆண்வழியே வமிசம் என்று மார்தட்டுவோர் இதனை எண்ணட்டும். தந்தையைக் கண்டறியத் தாயின் பெயரன்றோ திறவுகோல்! நண்பர்களே, நம் இல்லத்து ஏடுகளில் பாட்டியின் பெயர் இருக்கிறதா? இல்லையெனில், இந்த விடுமுறையிலேயே எழுதிவையுங்கள்.