நேர்கோடு வளைந்தால்...

எங்கள் தெருவில் 68 வயது நிரம்பிய அம்மையார் ஒருவர் இருக்கின்றார். ஒருநாள் அவர் தம் மகனை அழைத்து, "வாப்பா, நம் வாசல் நிலை வளைந்து கிடக்கிறது, ஆசாரியைக் கூட்டி வந்து காட்டு" என்றார். மகன் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். நிலை இம்மியும் பிசகாமல் நின்றது. "உம்மாவுக்கு வயதாகிவிட்டது" என்று வீட்டார் சிரித்தனர். அம்மையாரும் சேர்ந்து சிரித்தார். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும், பெருநாள் கழியட்டும் என்று பேச்சு முடிந்தது.

பெருநாள் கழிந்து இரண்டு மாதங்களும் கழிந்தன. ஒரு காலையில் முகம் கழுவும்போது அவரது இடக்கண்ணில் சோப்பு நுரை பட்டது. அந்தக் கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் சுவர்க் கடிகாரத்தை நோக்கினார். அதன் நடுவே கருந்திட்டு ஒன்று தெரிந்தது. சுற்றிலும் எண்கள் நெளிந்து கிடந்தன. அதன்பின்னரே மருத்துவரிடம் ஓடினர். "நிலை வளைந்ததாகச் சொன்ன அன்றே வந்திருக்கலாகாதா?" என்பதே மருத்துவர் கேட்ட முதற்கேள்வி.

அக்குடும்பத்தாரை நான் குறை கூறேன். பார்வைக் குறை என்றாலே மங்கலாகத் தெரிவது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணுகின்றோம். மங்கல் வேறு, கோணல் வேறு. நேரானது வளைந்து தெரிந்தால், அது முதுமையின் பிதற்றல் அன்று. கண் விடுக்கும் எச்சரிக்கை.

இக்கோணல் எங்கே பிறக்கிறது? கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதே பார்வை என்று பண்டைய அறிஞர் பலர் கருதினர். பஸ்ராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், தமது 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் அக்கருத்தை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று காட்டினார். அவ்வொளி கண்ணின் பின்புறத்து விழித்திரையில் உருவமாகப் படிவதை 1604இல் கெப்ளர் விளக்கினார். எனவே, ஒளி நுழையும் முன்வாயிலில் பிழை நேர்ந்தாலும், அது சென்று படியும் திரையில் பிழை நேர்ந்தாலும் காட்சி பிழைபடும்.

முதலில் முன்வாயிலைக் காண்போம். கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாவிடில் உண்டாவது சிதறல் பார்வை. தக்க கண்ணாடி அணிந்தால் இது பெரும்பாலும் சீராகும். இளவயதினர் சிலருக்குக் கருவிழி மெலிந்து கூம்புபோல் முன்தள்ளும். கண்ணாடியின் எண் அடிக்கடி மாறும். கண்ணைக் கசக்கும் வழக்கம் இதனை மோசமாக்கும். ஆகவே, ஓயாமல் கண் கசக்கும் பிள்ளையை அதட்டுவதோடு நில்லாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். கண்புரை முற்றும்போது ஒரு விளக்கு இரண்டாகவோ மூன்றாகவோ தெரிவதுண்டு.

இனி விழித்திரை. அதன் நடுவே ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு பகுதி இருக்கிறது. அதனை மஞ்சள் புள்ளி என்பர், மருத்துவர்கள் மாக்குலா என்பர். எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் ஊசியில் நூல் கோப்பதும் இதன் துணையால்தான். கூடத்தில் விரித்த கோடுபோட்ட கோரைப்பாயாக இதனை எண்ணிக்கொள்ளுங்கள். பாய் சமமாகக் கிடந்தால் கோடுகள் நேராக இருக்கும். அவை வளைவதற்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, பாயின் அடியில் ஏதேனும் புகுந்து மேடாக்குவது. 50 வயதைக் கடந்தோர் சிலருக்கு விழித்திரையின் அடியில் தகாத இரத்தக்குழாய்கள் முளைத்து நீரும் இரத்தமும் கசியும். நம் அம்மையாருக்கு நேர்ந்தது இதுவே. புகைபிடிப்போருக்கு இவ்வாபத்து மிகுதி. நீரிழிவு உள்ளோருக்கு மஞ்சள் புள்ளியில் நீர் கோத்து வீங்குவதுண்டு. நடுவயது ஆடவர் சிலருக்கும், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோருக்கும் அடியில் நீர் தேங்கலாம். இது பல வேளைகளில் சில மாதங்களில் தானே வடிந்துவிடும். ஆயினும் எது தானே வடியும், எது பார்வையைப் பறிக்கும் என்பதைச் சோதித்தறிய வேண்டியவர் மருத்துவரே.

இரண்டு, பாயின் மேல் ஒட்டிய துணி சுருங்கிப் பாயையும் சேர்த்துச் சுருக்குவது. விழித்திரையின் மேல் மெல்லிய சவ்வு படர்ந்து இவ்வாறு இழுக்கும். மூன்று, பாயின் நடுவே துளை விழுவது. இவ்விரண்டுக்கும் தேவையானபோது அறுவை மருத்துவம் உண்டு.

அம்மையாரைப் பீடித்த நோய்க்கு, இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசிவழி செலுத்துகின்றனர். இவ்வகையில் ராணிபிசுமாப் என்னும் மருந்து அமெரிக்காவில் 2006இல் ஒப்புதல் பெற்றது. கண்ணில் ஊசியா என்று அஞ்சவேண்டாம். கண்ணை மரக்கச் செய்த பின்னரே போடுவர். ஆனால், ஒருமுறையோடு முடிவதன்று, தொடர்ந்து போட வேண்டும். கசிவை நிறுத்தலாம், மாண்டுபோன உயிரணுக்களை மீட்க இயலாது. ஆகவேதான் தாமதம் பெரும் பகையாகிறது.

இவ்வளவு பெரிய கேடு இரண்டு மாதங்கள் எப்படி மறைந்து கிடந்தது? நலமான கண், நோயுற்ற கண்ணின் குறையை மூடி மறைத்துவிடுகிறது. எனவே, ஒவ்வொரு கண்ணையும் தனித்தே சோதிக்கவேண்டும். சுவிட்சர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் 1940களில் இதற்கென ஓர் எளிய கட்டப்படம் அளித்தார். அதை வீட்டிலேயே வரையலாம். 10 சென்டிமீட்டர் சதுரத்தில், 5 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டு, நடுவில் ஒரு கரும்புள்ளி வையுங்கள். படிக்கும் கண்ணாடியை அணிந்து, தாளை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியையே நோக்குங்கள். பின்னர் மறுகண்ணால் நோக்குங்கள். கோடு நெளிந்தாலும், கட்டம் மறைந்தாலும், கருமை தோன்றினாலும் அடுத்த நாளைக்கென ஒத்திவையாமல் விழித்திரை மருத்துவரிடம் செல்லுங்கள். திடீரென மின்னல் தெறிப்பதும், கரும்புள்ளிகள் கூட்டமாய் மிதப்பதும், திரை இறங்குவதும் விழித்திரை கழன்றதன் அறிகுறியாகலாம், அன்றே செல்லுங்கள். கட்டம் நேராகத் தெரிந்தால் நோயே இல்லையென்று துணிந்துவிடவும் கூடாது. நீரிழிவு உள்ளோர் ஆண்டுக்கொருமுறையேனும் சொட்டுமருந்திட்டு விழித்திரையைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

அம்மையாரின் வலக்கண்ணில் கசிவு நின்றுவிட்டது. போன நடுப்பார்வை திரும்பவில்லை. இப்போது வெள்ளிதோறும் பேரப்பிள்ளை கட்டத்தாளைப் பிடிக்க, இடக்கண்ணால் பார்த்துச் சொல்கின்றார். அவர் சொல்வதைக் கேட்டு அவ்வீட்டில் எவரும் இப்போது சிரிப்பதில்லை.

இவ்விதழை மூடிவைக்குமுன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு மறுகண்ணால் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அவ்வாறே பார்க்கச் செய்யுங்கள். கம்பி வளைந்திருக்கிறது என்று அவர்கள் சொன்னால், கம்பியைச் சோதிக்க வேண்டாம், கண்ணைச் சோதியுங்கள்.