பேசாத கோஷ்டி

லண்டனில் ஒரு ராக் கோஷ்டி இருக்கிறது. மேடையில் வாயைத் திறக்க மாட்டார்கள். பாடவும் மாட்டார்கள், 'எல்லாரும் எப்படி இருக்கீங்க?' என்று கேட்கவும் மாட்டார்கள். ஒரு பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டர் குரல் ஒன்று ஜனங்களுக்கு வணக்கம் சொல்கிறது, நன்றி சொல்கிறது. ஜனங்களும் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டுகிறார்கள். மெல்லிசைக் கச்சேரிகளில் இரண்டு பாட்டுக்கு நடுவே மைக்கைப் பிடித்துக்கொண்டு உயிரை வாங்கும் அன்பர்களை நினைத்துப் பார்த்தேன். இந்த ஏற்பாட்டை உடனே இறக்குமதி செய்யலாம்.

கோஷ்டியின் பெயர் பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங். பொதுநல ஒலிபரப்பு! ராக் கோஷ்டிக்கு வைக்கிற பெயரா சார் இது? அரசாங்க இலாகா மாதிரி இல்லை? தலைவர் பெயர் ஜே. வில்கூஸ், எஸ்கொயர். அந்தக் கால ஐகோர்ட் வக்கீல் வீட்டு போர்டு போல 'எஸ்கொயர்' வேறு. வேஷமும் அதற்குத் தகுந்தாற்போல கார்டுராய் கோட்டு, கழுத்தில் போ டை. கிடார், பாஞ்சோ, சிந்தசைசர், கம்ப்யூட்டர் எல்லாம் இவர் பொறுப்பு. டிரம்ஸ் ரிகிள்ஸ்வொர்த். இரண்டும் புனைபெயர்தான். பெரிய கம்பெனி வாசலில் போய் நிற்காமல் டெஸ்ட் கார்டு ரெக்கார்டிங்ஸ் என்று சொந்த லேபிள் போட்டுக்கொண்டார்கள். டெஸ்ட் கார்டு என்றால், டி.வி.யில் நிகழ்ச்சி எதுவும் இல்லாதபோது தேமேயென்று நிற்குமே, அந்தப் படம். பழைய தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பாடகர் இல்லையென்றால் யார்தான் பாடுவது? பழைய டாகுமென்டரிப் படங்கள், செய்திச் சுருள்கள், ஒலிநாடாக்கள். அவற்றிலுள்ள குரல்களை வெட்டியெடுத்து, பாட்டு வரி வர வேண்டிய இடத்தில் ஒட்டி, கீழே சிந்தசைசரை ஓட விடுகிறார்கள். கேட்பதற்கு முன் 'என்னய்யா பைத்தியக்காரத்தனம்' என்றுதான் நானும் நினைத்தேன்.

2015-ல் வந்த 'தி ரேஸ் ஃபார் ஸ்பேஸ்' இவர்களுடைய இரண்டாவது ஆல்பம். ஒன்பது பாட்டு. 1957-லிருந்து 1972 வரை ரஷ்யாவும் அமெரிக்காவும் வானத்தில் ஓடிய ஓட்டப்பந்தயம்தான் மொத்தக் கதையும். ரஷ்யப் பக்கத்துச் சமாசாரங்களுக்காக பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் பெட்டகத்தைக் குடைந்தார்கள். அமெரிக்கப் பக்கத்துக்கு நாஸா நாடாக்கள் இருக்கவே இருக்கின்றன. வெளியீட்டு விழாவைக்கூட லெஸ்டர் நகரத்து நேஷனல் ஸ்பேஸ் சென்டரில் வைத்தார்கள். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் பதினோராவது இடம். பாடகரே இல்லாத கோஷ்டிக்கு இது ஒன்றும் சாதாரணமில்லை.

முதலில் கென்னடி. 1962-ல் ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தில், சந்திரனுக்குப் போகிறோம் என்று முழங்கினாரே, அந்தப் பேச்சு. பின்னால் சர்ச் கோரஸ். அடுத்தது 'ஸ்புட்னிக்'. 83.6 கிலோ எடையில் ஒரு உலோக உருண்டை 1957 அக்டோபர் 4 அன்று மேலே போய், மூன்று வாரம் 'பீப் பீப்' என்று கத்திவிட்டு பேட்டரி தீர்ந்து அடங்கியது. அந்த பீப்பையே தாளமாக வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல சிந்தசைசரை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அவசரமே இல்லை. சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு வித்வான் வெற்றிலை மடிக்கிற மாதிரி.

மூன்றாவது 'ககாரின்'. இதைக் கேட்டுவிட்டுக் கால் ஆடாதவர் டாக்டரைப் பார்ப்பது நல்லது. டிரம்பெட்டும் டிராம்போனும் ஜோராகப் பிளந்து கட்டுகின்றன. வீடியோவில் விண்வெளி உடையோடு குத்தாட்டம். 1961 ஏப்ரல் 12 அன்று, 108 நிமிஷத்தில் பூமியைச் சுற்றிவிட்டு வந்தபோது யூரி ககாரினுக்கு வயது 27. அந்த வயதில் நம்மில் பலர் புரொபேஷன் முடிவதற்காகக் காத்துக்கொண்டிருப்போம்.

அந்த ஆட்டம் ஓய்ந்த உடனே நாலாவது பாட்டு. தாளம் கிடையாது. கரகரவென்று ஓர் இரைச்சல், அதன் மேல் செய்தி வாசிக்கிற குரல். 1967 ஜனவரி 27. அப்போலோ 1. ராக்கெட் கிளம்பவேயில்லை, வெறும் ஒத்திகை. உள்ளே சுத்தமான ஆக்ஸிஜன், அதுவும் வெளிக்காற்றைவிட அதிக அழுத்தத்தில். கதவோ உள்பக்கமாகத் திறப்பது. ஒரு பொறி. கிரிஸம், ஒயிட், சாஃபி மூன்று பேரும் தரையில் இருந்தபடியே போய்விட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். மூன்று பேர் கருகியதைப் பாட்டாக்கிக் காசுக்கு விற்பது நியாயமா? இரண்டு நாள் யோசித்தேன். நியாயம்தான் என்று படுகிறது. ஜெயித்ததை மட்டும் பாடிவிட்டுப் போனால் அது ஆல்பம் இல்லை, விளம்பரம். தவிர, அந்தப் பாட்டில் அவர்கள் எந்தச் சாமர்த்தியமும் காட்டவில்லை. ஒதுங்கி நின்று செய்தியைச் சொல்ல விட்டிருக்கிறார்கள்.

என் புகார் வேறு. இதே மாதிரி இன்னொரு தீ உண்டு. அதற்குப் பாட்டு இல்லை. வாலன்டின் பாண்டரென்கோ என்று ஒரு பையன். ககாரினோடு பயிற்சிக்குத் தேர்வானவன், வயது 24. 1961 மார்ச் 23 அன்று ஆக்ஸிஜன் நிறைந்த பயிற்சி அறைக்குள் தனியாக இருந்தான். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் உடம்பைத் துடைத்துவிட்டுத் தூக்கிப் போட்டான். அது மின்சார அடுப்பின் மேல் விழுந்தது. அவ்வளவுதான். ககாரின் கிளம்புவதற்கு மூன்றே வாரம் முன்னால். சோவியத் அரசாங்கம் மூச்சு விடவில்லை. 1986-ல்தான் அவர்கள் பத்திரிகையில் விஷயம் வெளியே வந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் அமெரிக்கர்கள் ஆக்ஸிஜன் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதையாக இருந்திருப்பார்களோ என்று கேட்பவர்கள் உண்டு. யாரால் பதில் சொல்ல முடியும்?

வில்கூஸைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. பதிவு இருந்தால்தான் அவரால் பாட்டுப் போட முடியும். ரஷ்யர்கள் ஜெயித்த பிறகுதான் கேமராவைத் திறந்து காட்டினார்கள். அதனால் ஆல்பத்தில் அவர்கள் பக்கம் பெரும்பாலும் திருவிழாவாகவே இருக்கிறது. அமெரிக்கர்கள் மைக்கை மூடாமல் வைத்திருந்தார்கள். அவர்களுடைய பயம், திக்கல், சாவு எல்லாமே நாடாவில் மாட்டிக்கொண்டது. மறுபடி 'ககாரின்' கேட்கும்போது கால் என்னவோ ஆடத்தான் செய்கிறது. ஆனால் நடுவில் அந்தப் பையன் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

அலெக்ஸி லியோனோவ் 1965-ல் விண்வெளியில் நடந்தது, உடை பலூன் மாதிரி உப்பியதால் திரும்ப உள்ளே நுழையக் காற்றைத் திறந்துவிட்டது, அதற்கு ஒரு பாட்டு. வாலண்டினா தெரஷ்கோவாவுக்கு ஒரு பாட்டு. இதில் மட்டும் ஸ்மோக் ஃபேரீஸ் என்ற இரண்டு பெண்களின் குரல். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் 1963-ல் தன்னந்தனியாக மூன்று நாள் சுற்றிய பெண்மணியை இன்னும் கொஞ்சம் பேச விட்டிருக்கலாம்.

'தி அதர் சைடு' வேறு ஜாதி. 1968 டிசம்பர் 24. அப்போலோ 8 சந்திரனுக்குப் பின்பக்கம் போகிறது. ரேடியோ கட். அங்கேதான் எஞ்ஜினை நாலு நிமிஷம் எரிக்க வேண்டும். சரியாக எரிந்ததா, மோதினார்களா என்று பூமியில் ஒருவருக்கும் தெரியாது. பாட்டும் அந்த இடத்தில் கீழே இறங்கி, ஒரு ரீங்காரமாகத் தேய்ந்துவிடுகிறது. நிஜத்தில் அரை மணிக்கு மேல் காத்திருந்தார்கள். நமக்குச் சில விநாடிகள்தான். முடிவு தெரிந்த கதைதானே? இருந்தும் சிக்னல் திரும்ப வந்து டிரம்ஸ் பிடிக்கும்போது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் 'ஏதாவது துக்கமா சார்?' என்றார்.

கடைசியில் ஆபீஸ்காரர்களுக்கென்றே ஒரு பாட்டு: 'கோ!' அப்போலோ 11 இறங்குவதற்கு முன் ஃப்ளைட் டைரக்டர் ஜீன் கிரான்ஸ் ஒவ்வொரு செக்‌ஷனாகப் பெயர் சொல்லிக் கேட்கிறார், இறங்கலாமா கூடாதா என்று. ஒவ்வொருவரும் ஒரே வார்த்தையில் பதில். அதுதான் பல்லவி, அதுதான் சரணம். 'அது வந்து சார், ஃபைல் மேலே போயிருக்கு' என்று ஒரு ஆள் சொல்லவில்லை. நான் கேட்ட ஒரே உருப்படியான ஆபீஸ் மீட்டிங் இதுதான்.

இந்தக் குரல்களில் கைடன்ஸ் பிரிவுக்காரர் ஸ்டீவ் பேல்ஸ், வயது 26. சில வாரம் முன்னால் ஒத்திகையில் கம்ப்யூட்டர் ஏதோ அலாரம் அடிக்க, பயந்துபோய் 'நிறுத்துங்கள்' என்று சொல்லிவிட்டார். தப்பு. நிறுத்த வேண்டிய அலாரமே இல்லை. கிரான்ஸ் ஒன்று செய்தார்: எல்லா அலாரத்தையும் அலசி எழுதி வையுங்கள் என்றார். பின் அறையில் இருந்த ஜாக் கார்மன் என்ற 24 வயதுப் பையன் கையால் ஒரு பட்டியல் எழுதி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தான். நாம் சாமி படமும் காலண்டரும் வைப்போமே, அந்த இடத்தில்.

1969 ஜூலை 20. ஆர்ம்ஸ்ட்ராங் இறங்கிக்கொண்டிருக்கும்போது 1202 என்று அலாரம். 'எனக்கு வேலை அதிகம், முக்கியமானதை மட்டும் செய்கிறேன்' என்று கம்ப்யூட்டர் சொல்கிறது என்று அதற்கு அர்த்தம். கார்மன் குனிந்து சீட்டைப் பார்த்தான், பேல்ஸிடம் சொன்னான், பேல்ஸ் 'கோ' என்றார். மாட்டு வண்டி நிற்கிற நேரம்கூட ஆகவில்லை.

இதையெல்லாம் 2019-ல், சந்திரனில் இறங்கிய ஐம்பதாவது ஆண்டில், பிபிஸி பிராம்ஸ் விழாவுக்காக ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்தார்கள். கேட்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். போனில் ஷஃபிள் போட்டுவிடாதீர்கள். 'ககாரின்' முடிந்த கையோடு அந்த நாலாவது பாட்டு வர வேண்டும். அந்த நேரம் பார்த்து உங்கள் ஸ்டாப்பிங் வந்தால், அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கித் திரும்பி நடந்து வாருங்கள்.