உறுப்பின் பழுதா, உத்தரவின் பழுதா?

ஒரு யந்திரம் பழுதாவதற்கு முற்காலத்தில் இரண்டு காரணங்களே சொல்லப்பட்டன: ஒன்று, அது தேய்ந்துபோதல், மற்றொன்று, அதைக் கையாள்பவரின் கவனக்குறைவு. மடிக்கணினி நம் வீடுகளுக்குள் வந்த பின்னர் மூன்றாவது காரணமொன்றும் சேர்ந்திருக்கிறது. விற்ற பின்பும் அந்த யந்திரத்துக்குள் புகும் அதிகாரத்தைத் தம்மிடமே வைத்திருக்கும் உற்பத்தியாளர், உடையவர் உறங்குகிற நேரத்தில் இணைய வழியே வந்து, அதன் ஆதார உத்தரவுகளை மாற்றி எழுதிவிட்டுப் போவதே அது. மாலையில் நன்றாக இயங்கிய கணினி, நிறுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு இரண்டொரு தடவை அணைந்து எழும். மறுநாட் காலையில் தொடுபலகை அசையாமலோ, விசிறி ஓயாது இரைந்துகொண்டோ, பற்றரி மின்னேறாமலோ, ஒலி முற்றாக அடங்கியோ கிடக்கும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் கணினி என்பதால் பதறியடித்துக்கொண்டு மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக் கடைக்கு எடுத்துச் சென்றால், "போர்ட் பழுதாப்போச்சு அண்ணை, மாத்தத்தான் வேணும்" என்ற தீர்ப்பு ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிடுகிறது.

அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது என்பதும், மாற்றி எழுதியவர் மீளும் வழியையும் திறந்துவைக்கக் கடமைப்பட்டவர் என்பதுமே என் அபிப்பிராயம்.

அந்த ஆதார உத்தரவுகளுக்கு இக்காலத்தில் நிலைபொருள் என்று பெயர். அது, கணினியின் தாய்ப்பலகையில் பொருத்தப்பட்டிருக்கும், பெரும்பாலும் எட்டுக் கால்களையுடைய, விரல் நகத்தினும் சிறிய ஒரு சில்லில் உறைந்திருக்கும் உத்தரவுத் தொகுதி. பவர் பொத்தானை அழுத்தியவுடன், விண்டோஸ் முதலியன கண் விழிப்பதற்கு முன்பே, நினைவகம் எவ்வளவு, வட்டு எங்கே, விசைப்பலகை உண்டா என்று ஆராய்ந்து, ஒவ்வொன்றையும் அதனதன் தொழிலில் ஏவுவது அதுவே. பயோஸ் என்பது அதன் பழைய பெயர். இன்றும் நம்மவர் வாயில் அப்பெயரே வழங்குகிறது. 1981ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, அந்த உத்தரவுகள் அழித்தெழுத இயலாத சில்லில் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் பிழையிருப்பின் சில்லையே கழற்றி வேறொன்றை மாட்டவேண்டும். பின்னர் மின்சாரத்தாலேயே அழித்தெழுதக்கூடிய சில்லுகள் வந்தன. எழுதுவது சுலபமாயிற்று, கெடுப்பதும் அவ்வளவே சுலபமாயிற்று. தைவானிய மாணவரொருவர் எழுதிய சிஐஎச் வைரஸ், 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆந் திகதி, ஆசிய நாடுகள் பலவற்றில் எண்ணற்ற கணினிகளின் பயோஸ் சில்லுகளைப் பொருளற்ற எழுத்துகளால் நிரப்பி அவற்றைச் செயலற்றுப்போகச் செய்தபோது, இவ்விஷயம் உலகத்துக்குப் பிரத்தியட்சமாயிற்று.

மடிக்கணினியில் இன்னொரு நுட்பமும் உண்டு. விசைப்பலகை, விசிறி, பற்றரியின் மின்னேற்றம், பவர் பொத்தான் ஆகியவற்றை மேற்பார்ப்பதற்கெனத் தனிச் சிறு சில்லொன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய உத்தரவுகளும் பெரும்பாலும் பயோஸோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுகின்றன. ஆகவேதான், எழுத்தில் நேர்ந்த பிழை உறுப்பில் நேர்ந்த பழுதின் வேஷத்தைத் தரித்துக்கொண்டு நம் முன் தோன்றுகிறது. விசிறியைக் கழற்றிப் பார்ப்பவருக்கு விசிறியில் ஒரு குறையும் அகப்படுவதில்லை.

பெரிய நிறுவனங்களின் எழுத்தில் பிழை நேராது என்று எண்ணுவோர் சில சம்பவங்களைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். 2017ஆம் ஆண்டு டிசம்பரில், உபுண்டு 17.10 பதிப்பில் இருந்த ஒரு சாதன இயக்கி, லெனோவோ முதலிய சில மடிக்கணினிகளின் பயோஸ் சில்லைத் தீண்டிவிட, அதன்பின் அவற்றில் எந்த அமைப்பையும் மாற்றிச் சேமிக்க இயலாமற் போயிற்று. வெளியிட்டவர்கள் அப்பதிப்பைத் தரவிறக்கப் பக்கத்திலிருந்து அகற்றித் திருத்தி, அடுத்த மாதம் மீண்டும் வெளியிட்டார்கள். 2018 ஜனவரியில், தன் செயலிகளில் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்புக் குறைகளை மூடுவதற்காக இன்டெல் அனுப்பிய உத்தரவுகள், ஹாஸ்வெல், பிராட்வெல் வகைச் செயலிகளையுடைய கணினிகளைத் திடீர் திடீரென்று அணைந்தெழச் செய்தன. அம்மாதம் 22ஆந் திகதி, அவற்றை இனி எவரும் நிறுவ வேண்டாம் என்று அந்நிறுவனமே அறிவிக்க நேர்ந்தது. 2024 மே மாதத்திலோ, விண்டோஸ் வழியே தானாக வந்திறங்கிய பயோஸ் புதுப்பிப்பின் பின்னர் எச்பி புரோபுக் வகை மடிக்கணினிகள் சில அடியோடு உயிரிழந்தன என்று உடையோர் பலர் முறையிட்டனர்.

அமெரிக்காவில் இப்படியொன்று நேர்ந்தால் பெட்டியைத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம். இங்கே நிலைமை வேறு. நம் பக்கத்துக் கணினிகளில் கணிசமானவை ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் உறவினர் வரும்போது பெட்டிக்குள் வந்தவை. அந்தத் தேசத்து உத்தரவாதம் பெரும்பாலும் அந்தத் தேசத்தோடு நின்றுவிடுகிறது. மின்சாரத்தின் கதையோ ஊரறிந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டை அநுபவித்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்த காரணத்தால் தீவு முழுவதும் இருண்டது என்று அமைச்சரே விளக்கமளித்ததைக் கேட்டவர்களும் நாமே. பற்றரி நலிந்துபோன பழைய மடிக்கணினியில், சில்லு பாதி எழுதப்பட்டிருக்கும் நிலையில் கரண்ட் போனால் என்ன நேரும் என்பதை, புதுப்பிப்பு அனுப்பும் நேரத்தைத் தூரதேசத்திலிருந்து நிச்சயிப்பவர் யோசிப்பதில்லை.

பழுது பார்க்கும் திறமைக்கு இந்தக் குடாநாட்டில் என்றும் குறைவு இருந்ததில்லை. தொண்ணூறுகளில், யுத்தகாலப் பொருளாதாரத் தடையின் கீழ் மின்சாரமும் இல்லாமல், வானொலிக்கு இடும் பற்றரியும் தடைப்பட்டிருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட ஜனங்கள் இவர்கள். பெற்றோலைச் சில துளிகள் காட்டி ஆரம்பித்துவிட்டு மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓட்டியவர்கள். ஆனால் டைனமோவின் சுருளும் காபரேற்றரின் துவாரமும் கண்ணுக்குப் புலனாயின. எது எதை இயக்குகிறது என்பதைக் கழற்றிப் பார்த்தே கற்றுக்கொள்ள முடிந்தது. எட்டுக் காற் சில்லுக்குள் இருப்பதைக் கழற்றிப் பார்த்துக் கற்க முடியாது. எழுதியவர் சொன்னாலன்றித் தெரியாது. திறமையுள்ள தொழிலாளியையும் அனுமானக்காரனாக்கிவிடுவது இந்த இரகசியமே. போர்டை மாற்றினால் ஆதாயம் அதிகம் என்பதற்காகவே அனுமானத்தை அவசரமாக முடித்துக்கொள்ளும் கடைக்காரரும் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்களுக்காக நான் பரிந்து பேச முன்வரவில்லை.

ஆகையால், கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்யத்தக்க பரிசோதனைகளைச் சற்று விரிவாகச் சொல்லுவது பிரயோசனமாகும். புதுப்பிப்புக்குப் பின் திரை கறுத்திருந்தால் முதலில் வேண்டியது பொறுமை. சில கணினிகள் நினைவகத்தைப் புதிதாகப் பழக்கிக்கொள்ளப் பல நிமிஷங்களை எடுத்துக்கொள்கின்றன, அந்நேரத்தில் பொத்தானை அழுத்தி அணைப்பதே கேட்டுக்கு வித்தாகும். பின்பும் குணம் தெரியாவிட்டால், சார்ஜரையும் இணைத்த ஏனைய பொருள்களையும் அகற்றி, கழற்றக்கூடிய பற்றரியாயின் அதையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிஷம் வரையில் அழுத்திப் பிடிக்கவேண்டும்; எஞ்சிய மின்சாரம் வடிந்து, மேலே சொன்ன சிறு சில்லு புதிதாகத் தொடங்கும்போது, அசையாத தொடுபலகையும் ஏறாத பற்றரியும் ஓயாத விசிறியும் தாமாகவே வழிக்கு வருவதுண்டு. அதற்கும் மசியாவிட்டால் பயோஸ் திரைக்குள் புகுந்து பார்க்கவேண்டும். அங்கே விசைப்பலகை வேலை செய்து, வட்டும் நினைவகமும் பற்றரியும் பெயரோடு தோன்றினால், உறுப்புகள் உயிரோடிருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. வட்டு தென்பட்டும் விண்டோஸ் எழவில்லையாயின், புதுப்பிப்பு பழைய அமைப்புகளை அழித்து, வட்டோடு பேசும் முறையை ரெயிடிலிருந்து ஏஎச்சிஐக்கோ மறுதலையாகவோ மாற்றியிருக்கக்கூடும். அதைப் பழையபடி வைத்தவுடன் கணினி எழுந்துவிடும், புது வட்டு வாங்கும் செலவும் மிச்சமாகும். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் நாற்பத்தெட்டு இலக்கத் திறவெண்ணைக் கேட்டால் வட்டு கெட்டுவிட்டதென்று அர்த்தமில்லை. தொடக்க உத்தரவுகள் மாறியிருப்பதைக் கண்ட பாதுகாப்புச் சில்லு சந்தேகப்படுகிறது, அவ்வளவே. திறவெண் பெரும்பாலும் உடையவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கும். அதைத் தேடாமல் வட்டை அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றுவித்து, பிள்ளையின் இரண்டு வருஷக் குறிப்புகளையும் குடும்பத்தின் கலியாணப் படங்களையும் இழப்பது பெரும் விவேகக்கேடு.

ஒலியோ வைஃபையோ கமராவோ மாத்திரம் இயங்காவிட்டால், யூஎஸ்பி குச்சியில் லினக்ஸ் ஒன்றை ஏற்றி, வட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை எழுப்பிப் பார்ப்பது நல்ல உபாயம்: அங்கே பாட்டுக் கேட்டால் ஒலிபெருக்கியைக் குற்றஞ்சொல்ல ஒருவராலும் இயலாது. கணினி முற்றாகவே எழாதபோதும் சில தயாரிப்புகளில் ஒரு மீட்பு வழி உண்டு. எச்பி வகைகள் பலவற்றில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் அழுத்தியபடி பவரைத் தட்டுவதும், டெல் வகைகளில் கொன்ட்ரோல், எஸ்கேப் விசைகளைப் பிடித்துக்கொண்டு சார்ஜரைச் செருகுவதும், நல்ல பிரதியொன்றைத் தேடிப் பயோஸைத் திருப்பி எழுதச்செய்யும். இவையனைத்தும் பொய்த்த பின்னரே சில்லில் கவ்வியை மாட்டி வெளியிலிருந்து எழுதும் நிபுணரை நாடவேண்டும்; அவரும் எழுதுமுன் பழைய உள்ளடக்கத்தைப் படித்துச் சேமித்துவைப்பவராக இருக்கவேண்டும், ஏனெனில் கணினியின் தொடர் எண்ணும் விண்டோஸ் உரிமமும் அச்சில்லுக்குள்ளேயே இருக்கின்றன. 1.8 வோல்ற்றுச் சில்லுக்கு 3.3 வோல்ற்றைக் கொடுத்துக் கருக்குபவரிடம் ஒப்படைப்பதிலும் அந்தக் கணினியை அலுமாரியில் வைத்திருப்பது மேல்.

இவ்வளவையும் உற்பத்தியாளர் உடையவரின் பாஷையில் சொல்லாமல், ஒரு பத்திரிகைக் கட்டுரையாளன் சொல்லவேண்டியிருப்பதே விபரீதம். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1848ஆம் ஆண்டில் மானிப்பாய்க்கு வந்து, ஆங்கிலம் அறிந்தவனே மேனாட்டு வைத்தியம் கற்கலாம் என்ற நியதியை மறுத்து, இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று பெரிய நூல்களைத் தமிழாக்குவித்து, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். மனித சரீரத்தின் நரம்பும் நாளமும் இவ்வூரில் தமிழில் விளக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனால் நான் பார்த்த எந்த மடிக்கணினியின் பயோஸ் திரையிலும் தமிழில் ஒரு வரியில்லை. புதுப்பிப்பினால் என்ன மாறுகிறது என்று ஆங்கிலத்திலேனும் எழுதப்படும் குறிப்போ, "ஸ்திரத்தன்மை மேம்படுத்தப்பட்டது" என்ற அளவோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எதை மாற்றினோம், எந்த வகைக் கணினியில் என்ன தொல்லை கண்டோம், எப்படித் திரும்புவது என்ற மூன்றையும் உடையவருக்கு விளங்கும் பாஷையில் சொல்லுவதும், சம்மதம் கேட்டே எழுதுவதும், தம் எழுத்தினால் உயிரிழந்த கணினியை உத்தரவாதக் காலம் கடந்திருப்பினும், எந்தத் தேசத்தில் இருப்பினும், தம் செலவில் மீட்டுக்கொடுப்பதும் உற்பத்தியாளரின் கடமையென்று சட்டம் விதிக்கவேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தைத் திருத்துவதாயின், இந்த நிபந்தனைகளையும் அதில் சேர்த்துவிடலாம்.

பழைய பதிப்புக்குத் திரும்ப அனுமதித்தால் மூடிய பாதுகாப்புக் குறைகள் மீண்டும் திறந்துகொள்ளும் என்பது நிறுவனங்களின் பிரதான ஆட்சேபம். அதில் நியாயமில்லாமலில்லை, 2023ஆம் ஆண்டில் வெளிப்பட்ட லோகோஃபெயில் போன்ற குறைகளைக் கண்டவர், புதுப்பிக்கவே வேண்டாம் என்று உபதேசிக்கமாட்டார். ஆயினும், 2018 ஜனவரியில் இன்டெலின் உத்தரவு தடுமாறியபோது, டெல், எச்பி நிறுவனங்கள் தங்கள் புதிய பயோஸ் பதிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, முந்திய பதிப்புக்குத் திரும்பும்படி வாடிக்கையாளருக்குத் தாமே ஆலோசனை கூறின. அன்றைக்கு ஆபத்தாகத் தோன்றாத அந்த வழி, மானிப்பாயில் உத்தரவாதம் முடிந்த ஒரு கணினியை உடையவர் கேட்கும்போது மாத்திரம் ஆபத்தாகிவிடுவது எவ்வாறு என்பதை அவர்கள் விளக்கட்டும்.